ஒரே பந்தியைத் தேடிய பேராயர் அசரியா

நம் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டுக் கலியாணம் என்றால் பந்தி போடுவதே பெரிய காரியம். யார் முதற் பந்தி, யாருக்குப் பக்கத்தில் யாருடைய இலை, யாரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் பெரியவர்கள் யோசிப்பதைப் பார்த்திருக்கிறோம். ஓர் இலையைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் பேசாமலிருக்கும் பங்காளிகளும் உண்டு. சோறும் ஒன்றுதான், குழம்பும் ஒன்றுதான். ஆயினும் யாரோடு உட்கார்ந்து உண்கிறோம் என்பதில்தான் நாம் ஒருவரையொருவர் எவ்வாறு மதிக்கிறோம் என்பது வெளிப்பட்டு விடுகிறது.

நம் ஆண்டவர் தம் பாடுகளுக்கு முந்தின இரவில் தம் சீடர்களுக்கு விட்டுச் சென்றதும் ஒரு பந்தியே. அதனையே நாம் ஞாயிறுதோறும் திருப்பலியில் கொண்டாடுகிறோம். திவ்விய நற்கருணை என்று போற்றி வணங்குகிறோம். நம்மைப் பிரிந்து வாழும் சகோதர சபைகளும் தங்கள் தங்கள் முறைப்படி அந்தப் பந்தியை ஆசரிக்கின்றன. அவற்றுள் ஆங்கிலிக்கன் சபையில் பிறந்து, கிறிஸ்தவர்கள் யாவரும் ஒரே பந்தியில் அமரும் நாளுக்காகத் தம் ஆயுளையே செலவிட்ட ஒரு தமிழ்ப் பெரியாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நாம் எண்ணிப் பார்ப்போம். அவரே வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் சபையில் ஆயர் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்.

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், பனங்காடுகள் சூழ்ந்த செம்மணல் தேரியில் அமைந்த சிற்றூர் வெள்ளாளன்விளை. இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் அசரியா பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூர் ஆலயத்தின் குருவானவர். தாயின் பெயர் எலன். நெடுங்காலம் ஆண் மகவு வேண்டிச் செபித்துப் பெற்ற பிள்ளையாதலால், பழைய ஏற்பாட்டில் அன்னாள் வேண்டிப் பெற்ற சாமுவேலின் பெயரையே பெற்றோர் சூட்டினார்கள். 1889-இல் தந்தை இறந்தபோது சாமுவேலுக்கு வயது பதினைந்து. அதன்பின் குடும்பப் பாரம் முழுவதும் தாயின்மேல் விழுந்தது. செபத்திலும் ஒழுக்கத்திலும் கண்டிப்பான அந்த அன்னையின் வளர்ப்பே பிற்காலத்து ஆயரை உருவாக்கிற்று எனலாம்.

அந்தச் சிறுவன் எப்படிப்பட்ட வழிபாட்டில் வளர்ந்தான் என்பதை இங்கே சற்று அறிந்துகொள்வது நல்லது. ஆங்கிலிக்கன் சபையின் வழிபாடு பொது செபப் புத்தகம் என்னும் ஒரே நூலைச் சார்ந்தது. முதன்முதலில் 1549-இல் இங்கிலாந்தில் வெளிவந்த அந்நூல், 1662-இல் இறுதி வடிவம் பெற்றது. அதுவரை இலத்தீனில் நடந்து வந்த வழிபாட்டை மக்களின் சொந்த மொழியில் நடத்த வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆகவே மிஷனெரிமார் தமிழ்நாட்டிற்கு வந்தபோது அந்தச் செபங்களைத் தமிழாக்கி வழங்கினார்கள். பாவ அறிக்கையையும் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் பனையேறிகளும் அவர்தம் மனைவி மக்களும் மனப்பாடமாகச் சொன்னார்கள். எழுத்தறியாதவருக்கும் அது வாயில் நின்ற நூலாயிற்று.

அவர்களுடைய நற்கருணை ஆராதனையைப் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் பல பகுதிகள் தெரிந்தவையாகவே தோன்றும். பாவ அறிக்கை உண்டு. பாவ மன்னிப்பு வழங்குதல் உண்டு. நிருப வாசகமும் நற்செய்தியும் உண்டு. விசுவாசப் பிரமாணமும் காணிக்கையும் உண்டு. அதன்பின் குரு அப்பத்தையும் இரசத்தையும் ஆசீர்வதிக்கிறார். பந்தியை நெருங்குமுன், தங்கள் தகுதியை அல்ல, ஆண்டவருடைய இரக்கத்தை மட்டுமே நம்பி வருவதாக முழந்தாளிட்டு அறிக்கையிடும் ஒரு செபமும் உண்டு. நாமும் நற்கருணை உட்கொள்ளுமுன் நம் தகுதியின்மையை அறிக்கையிடுகிறோம் அல்லவா? அவர்களிடத்தில் எல்லாருக்கும் அப்பத்தோடு கிண்ணமும் கொடுக்கப்படும். ஒரே கிண்ணத்திலிருந்து யாவரும் பருகுவர்.

வேறுபாடுகளையும் மறைப்பதற்கில்லை. அப்பமும் இரசமும் தம் சாரத்திலேயே கிறிஸ்துவின் திருவுடலாகவும் திரு இரத்தமாகவும் மாறுகின்றன என்பது நம் திருச்சபையின் போதனை. ஆண்டவர் அங்கே எவ்விதம் இருக்கிறார் என்பதைப் பற்றி ஆங்கிலிக்கன் சபையினரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உண்டு. அவர்களுடைய குருத்துவப் பட்டத்தையும் நம் திருச்சபை ஏற்பதில்லை. 1896-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் இதனைத் தீர்மானமாக அறிவித்தார். எனவே இன்றும் நாம் ஒரே பந்தியில் நற்கருணை பெறுவதில்லை. இந்தப் பிரிவின் வேதனையை எண்ணாமல் அசரியாவின் வாழ்வை விளங்கிக்கொள்ள இயலாது.

பொது செபப் புத்தகத்தில் நற்கருணைப் பகுதியின் தொடக்கத்தில் குருவுக்கு ஒரு கட்டளை இருக்கிறது. இருவருக்கிடையே பகையும் வெறுப்பும் இருப்பதைக் குரு கண்டால், அவர்கள் ஒப்புரவாகும்வரை பந்தியில் சேர விடக்கூடாது என்பதே அது. ஒருவர் மன்னிக்க மனமுவந்தும் மற்றவர் இணங்காவிட்டால், மனமுவந்தவரைச் சேர்த்துக்கொண்டு பிடிவாதக்காரரை நிறுத்திவைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகும்படி ஆண்டவர் மலைப்பொழிவில் போதித்ததையே இந்தக் கட்டளை நடைமுறைக்குக் கொண்டு வருகிறது.

இங்கிலாந்தில் அந்தப் பகை இரண்டு அண்டை வீட்டாரின் சண்டையாக இருக்கலாம். நம் நாட்டிலோ பிறப்பினால் வரும் பிரிவினை அந்தப் பந்திக்குள்ளேயே நுழைந்துவிட்டது. ஒரே கிண்ணம் என்றதும், யார் வாய் வைத்த பிறகு யார் வாய் வைப்பது என்ற கேள்வி எழுந்தது. சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருவதும் தனித்தனியே பந்திக்கு வருவதும் வழக்கமாயிருந்தன. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் இந்த வழக்கத்தை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, பலர் சபையை விட்டே விலகிப் போனார்கள்.

இதைப் படித்துவிட்டு நாம் அவர்களைக் குறை கூற இடமில்லை. நம் புதுவையில் சம்பா கோயில் என்று வழங்கும் சென்மராக்கினி மாதா கோயிலுக்குள்ளும் ஒரு காலத்தில் சுவர் ஒன்று நின்றது. ஒரு புறம் சாதிக் கிறிஸ்தவர்கள். மறு புறம் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள். 1745-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்ட செய்தியையும், அதனால் எழுந்த கூச்சலையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒரே சற்பிரசாதத்தை உட்கொண்டவர்களுக்கு இடையில் ஒரு செங்கற்சுவர்! கல்லும் சுண்ணாம்பும் கொண்ட சுவரை ஒரு நாளில் இடித்துவிடலாம். உள்ளத்தில் கட்டிய சுவரை இடிக்க எத்தனை தலைமுறைகள் வேண்டுமோ!

இனி அசரியாவின் வரலாற்றிற்குத் திரும்புவோம். மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பயின்றபின் அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். தேர்வு வேளையில் நோயுற்றதால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டார். பட்டமில்லையே என்று அவர் சோர்ந்து போகவில்லை. 1895-இல், தம் இருபத்தோராம் வயதில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகப் பணியேற்றார். பதினான்கு ஆண்டுகள் தென்னாடெங்கும் சுற்றி இளைஞரிடையே உழைத்தார். அப்பணியில் அமெரிக்கரான செர்வுட் எட்டி அவருக்கு உற்ற தோழரானார். வெள்ளையர் ஆட்சி செய்த அக்காலத்தில் இருவரும் உடன்பிறந்தாரைப்போல் பழகினார்கள்.

1898-இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் கல்லூரிக் கல்வி பெற்ற முதற் சிலரில் அவ்வம்மையாரும் ஒருவர். பெண்ணுக்கு எழுத்தறிவே போதும் என்று எண்ணிய அந்நாளில் அவர் கல்லூரி வாசல் மிதித்தார் என்பதை நம் மாணவியர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அந்தப் படிப்பை அவர் தம் பெருமைக்காக வைத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் கணவரோடு தெலுங்கு நாட்டுக் குக்கிராமங்களுக்குச் சென்று, ஏழைப் பெண்களின் நடுவே உட்கார்ந்து உழைத்தார்.

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்துத் தங்கள் ஊழியரை வேற்றிடங்களுக்கு அனுப்புவதைக் கண்டார். நாமோ எப்போதும் வெளிநாட்டார் கையை எதிர்பார்த்து நிற்கிறோமே என்ற எண்ணம் அவரை உறுத்தியது. ஊர் திரும்பியதும் நண்பர்களைக் கூட்டி, 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. 1905-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று வங்காளத்துச் சேரம்பூரில் தேசிய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள்ளும் அவர் முன்னின்றார்.

இந்தச் சங்கங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும் செல்வரிடமிருந்து மட்டுமன்று. திருநெல்வேலிக் கிறிஸ்தவப் பெண்களிடையே பிடியரிசிக் காணிக்கை என்னும் வழக்கம் உண்டு. சோறு பொங்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். பானை நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். பாகூர் ஏரிப் பாசனத்தில் விளையும் நெல்லை உண்டு வளரும் நமக்கு ஒரு பிடி அரிசியின் அருமை தெரியும். அடுப்படியில் நின்ற ஏழைத் தாய்மாரின் பிடியரிசியும் சேர்ந்தே முன்பின் அறியாத மக்களுக்கு நற்செய்தியைக் கொண்டு சேர்த்தது.

சங்கத்தின் பணிக்களம் நிஜாம் ஆண்ட ஐதராபாத் நாட்டில் இருந்த தோர்ணக்கல் பகுதி. இன்று அது தெலங்கானா மாநிலத்தில் இருக்கிறது. பிறரை அனுப்பிவிட்டுத் தாம் சென்னையில் இருப்பது தகுமா என்று அசரியா தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். 1909-இல் நல்ல பதவியை விட்டு, குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டார். வயது முப்பத்தைந்து, தெலுங்கு மொழியைப் புதிதாகக் கற்க வேண்டும். அந்நிய நாட்டு மிஷனெரியைப் போலவே அவரும் அங்கே அந்நியர்தாம். மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார்.

அடுத்த ஆண்டு, 1910-இல், ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. வந்திருந்தவர் ஏறக்குறைய 1,200 பேர். அவர்களுள் ஆசியக் கிறிஸ்தவர் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சபையில் அசரியா எழுந்து நின்று, யாரும் எதிர்பாராததைப் பேசினார். மிஷனெரிமாரின் தியாகத்தை இந்தியத் திருச்சபை என்றும் நன்றியோடு நினைக்கும் என்று சொன்னார். ஆனால் அவர்களுக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே உண்மையான தோழமை இல்லை என்பதையும் மறைக்காமல் எடுத்துரைத்தார். கை குலுக்குவதற்கும், வீட்டுக்கு அழைத்து உடன் உட்கார்ந்து உண்பதற்கும் பலர் தயங்குவதைச் சுட்டிக்காட்டினார். பொருளையும் உயிரையும்கூடக் கொடுத்துவிட்டீர்கள். இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பதே அவர் வேண்டுகோள். கேட்டவர்களுள் சிலர் மனம் கசந்தார்கள். பலர் வெட்கித் தலை குனிந்தார்கள். அந்த மாநாட்டில் நிகழ்ந்த பேச்சுகளுள் இன்றும் நினைக்கப்படுவது இதுவே.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கோயிலில் ஒரே கிண்ணத்தில் பருகிவிட்டு, வெளியே வந்ததும் ஒரே மேசையில் உண்ண மறுத்தால், உள்ளே பருகியதற்கு என்ன பொருள்? நற்கருணைப் பந்தி கோயில் வாசலோடு முடிந்து போவதன்று. அது நம் வீட்டுப் பந்திவரை வந்தாக வேண்டும். அசரியாவின் வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரே கேள்விக்கு அவர் தேடிய விடை என்று சொன்னாலும் மிகையாகாது.

அந்நாளில் சென்னை ஆயராயிருந்த ஹென்றி ஒயிட்ஹெட் ஓர் இந்தியரை ஆயராக்க வேண்டும் என்று விடாது முயன்றார். வெள்ளைக்கார மிஷனெரிகளுள் பலர் எதிர்த்தனர். இந்தியரை ஆயராக ஏற்றுக்கொண்டு அவருக்குக் கீழ்ப்படிய நேருமே என்பது அவர்கள் மனக்குறை. வருத்தமானது என்னவெனில், நாடார் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக நம் தமிழ்க் கிறிஸ்தவர்களுள்ளேயும் சிலர் எதிர்த்தனர். இவை அனைத்தையும் கடந்து, 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா தோர்ணக்கல் ஆயராக அபிஷேகம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

அவருடைய ஆடுகள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்னும் இரண்டு ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கூலி மக்கள். ஊரார் அவ்விரு வகுப்பாரையும் ஒதுக்கி வைத்தார்கள். அவர்களோ ஒருவரையொருவர் ஒதுக்கி வைத்தார்கள். ஒரு வகுப்பார் தொட்ட நீரை மறு வகுப்பார் குடியார். அவர்களையெல்லாம் ஒரே சபையாக்கி, ஒரே பந்திக்கு வரச் செய்வது எளிதான வேலையா? ஞானஸ்நானம் பெற வந்தவர்களைச் சட்டெனச் சேர்த்துக்கொள்ளாமல், பொறுமையாகப் போதித்துப் பழக்கினார். பகலெல்லாம் வயலில் உழைக்கும் மக்கள் இரவில்தான் கூட முடியும். ஆகவே இரவு வேளையில் விளக்கு வெளிச்சத்தில் செபம் நடந்தது. விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளைகளும் வாய்மொழியாகக் கற்பிக்கப்பட்டன. விவிலியக் கதைகளைத் தெலுங்குக் கீர்த்தனைகளாகப் பாடினார்கள்.

அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கையும் கிராமத்தைப் பிடித்த நான்கு பேய்கள் என்று அவர் கூறி வந்தார். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தம் தலைமேல் கை வைத்து, நற்செய்தியைப் பிறருக்கு அறிவிப்பது தம் கடமை என்று வாக்குக் கொடுக்கும்படி செய்தார். இவ்வாறு சபை வளர்ந்தது. 1920-இல் ஆந்திரக் கடலோரப் பகுதிகளும் அவர் பொறுப்பில் சேர்ந்தன. அவர் இறக்கும் காலத்தில் மறைமாவட்டத்து மக்கள் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அதே 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. கல்லூரிப் பட்டம் கிடைக்காமற் போனவருக்குக் கிடைத்த சிறப்பு அது.

தோர்ணக்கல்லில் அவர் எழுப்பிய பேராலயம் பார்க்கத் தக்கது. 1914-இல் பணி தொடங்கிற்று. உலகப் போரும் பணமுடையும் குறுக்கிட்டன. மூவரசர் திருநாளாகிய ஜனவரி 6 அன்று, 1939-இல், அது அபிஷேகம் செய்யப்பட்டது. இங்கிலாந்துக் கோபுரத்தைப் பார்த்து அவர் நகல் எடுக்கவில்லை. இந்துக் கோயில் மண்டபத்தின் தூண்களும், இசுலாமியர் கட்டும் குவிமாடங்களும், கிறிஸ்துவின் சிலுவையும் அந்த ஒரே ஆலயத்தில் இணைந்து நிற்கின்றன. தூண்களில் தாமரை செதுக்கப்பட்டிருக்கிறது. இந்த மண்ணில் பிறந்தவர்கள் இந்த மண்ணின் அழகோடு ஆண்டவரைத் தொழலாம் என்பதை அக்கட்டடம் ஊமையாய்ப் போதிக்கிறது.

இனி அவருடைய பெரும் கனவுக்கு வருவோம். தென்னாட்டில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று எத்தனையோ சபைகள். அந்தப் பிரிவினைகளெல்லாம் ஐரோப்பாவில் வேறு காரணங்களுக்காக எழுந்தவை. அவற்றை மூட்டை கட்டி இங்கே இறக்கிவிட்டார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்க் கிறிஸ்தவர்கள் ஒருவர் பந்தியில் மற்றவர் அமர முடியாத நிலை. 1919-ஆம் ஆண்டு மே மாதம் முதல் இரண்டு நாட்களில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். அவர்களுள் இருவரைத் தவிர யாவரும் இந்தியர். புதுவையிலிருந்து காரைக்காலுக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் செல்வோர் கடந்து போகும் அதே தரங்கம்பாடிதான் அது. 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய அத்துறைமுகத்தில், சபைகள் ஒன்றாக வேண்டும் என்ற அறிக்கை அசரியாவின் தலைமையில் எழுந்தது. தாங்கள் உண்டாக்காத பிரிவினைகளால் தாங்கள் பலமிழந்து நிற்கிறோம் என்பதே அதன் சாரம்.

அறிக்கை எழுதுவது இரண்டு நாள் வேலை. அதை நிறைவேற்ற இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. ஆயரால் பட்டம் பெறாத போதகர் நற்கருணை நிறைவேற்றலாமா என்பதே பெரிய முட்டுக்கட்டை. ஆயர் பதவி அப்போஸ்தலர் வழியாக வந்தது, அதை விட முடியாது என்றனர் ஆங்கிலிக்கன் சபையார். எங்கள் போதகர் இதுவரை செய்த ஊழியம் செல்லாதா என்று கேட்டனர் மற்றவர். இரண்டு பக்கத்திலும் மனச்சாட்சியுள்ள நல்லவர்களே இருந்தார்கள். ஆகவேதான் இச்சிக்கல் கடினமாயிற்று. அசரியா தம் ஆயர் பதவியின் தொன்மையை விட்டுக்கொடுக்கவுமில்லை. மற்றவர்களின் ஊழியத்தை இழிவாகப் பேசவுமில்லை. கமிட்டிக்குப் பின் கமிட்டியாக உட்கார்ந்து பேசினார். 1927-இல் சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் மாநாட்டில், ஐக்கியம் மேனாட்டாருக்கு வேண்டுமானால் ஒரு நல்ல விருப்பமாக இருக்கலாம், இந்தியத் திருச்சபைக்கோ அது உயிர்ப் பிரச்சினை என்று எடுத்துரைத்தார்.

நாட்டு வாழ்விலும் அவர் இதே கொள்கையைக் கடைப்பிடித்தார். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்றார். தனித் தொகுதி கிறிஸ்தவர்களை மற்ற இந்தியரிடமிருந்து பிரித்து வைக்கும் என்று அஞ்சினார். மக்கள் மதம் மாறுவதைக் குறித்துக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை இருந்தது. ஏழை எளியோர் தம் மனச்சாட்சிப்படி விசுவாசத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அசரியா விட்டுக்கொடுக்கவில்லை.

1945-ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளன்று தோர்ணக்கல்லில் அவர் ஆண்டவருக்குள் துயின்றார். அவர் எழுப்பிய பேராலயத்தின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தாம் தேடிய ஐக்கியத்தை அவர் கண்ணால் காணவில்லை. வாக்களிக்கப்பட்ட நாட்டை மலைமேல் நின்று பார்த்துவிட்டு இறந்த மோயீசனைப்போல் அவரும் போய்ச் சேர்ந்தார். நாடு விடுதலையடைந்து ஏறக்குறைய ஆறு வாரங்களில், 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. ஆயர்களைக் கொண்ட சபையும் ஆயர்களில்லாத சபைகளும் ஒரே சபையாக இணைந்தது உலகம் வியந்த நிகழ்ச்சி.

அந்தப் புதிய சபை 1950-இல் தனக்கென ஒரு நற்கருணை முறையை வகுத்தது. குரு பந்தியின் பின்னால், மக்களை நோக்கி நிற்கிறார். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கத்தைத் தழுவி, சமாதான வாழ்த்துக் கையிலிருந்து கைக்கு வழங்கப்படுகிறது. குருவின் கையில் தொடங்கிய சமாதானம் வரிசை வரிசையாகக் கடைசி இருக்கை வரை போய்ச் சேர்கிறது. பகையுள்ளவரைப் பந்தியில் சேர்க்காதே என்ற பழைய கட்டளை, பகையைப் பந்தியின் முன்னே தீர்த்துக்கொள் என்ற அழகிய சடங்காக மலர்ந்தது எனலாம். நம் திருப்பலியிலும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் விசுவாசிகள் யாவரும் ஒருவருக்கொருவர் சமாதானம் வழங்குகிறோம். கை கூப்பிப் பக்கத்திலிருப்பவரை வணங்குகிறோம்.

நம் திருச்சபையும் அந்நாள் முதல் பிரிந்த சகோதரரை நோக்கிக் கை நீட்டி வருகிறது. 1964-இல் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய ஏட்டினை வெளியிட்டது. 1966-இல் ஆங்கிலிக்கன் பேராயர் மைக்கேல் ராம்சே உரோமைக்கு வந்தபோது, பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் தம் கைம்மோதிரத்தைக் கழற்றி அவருக்கு அணிவித்தார். 1971-இல் இரு சபை அறிஞர்களும் சேர்ந்து நற்கருணையைப் பற்றி ஓர் உடன்பாட்டு அறிக்கை எழுதினார்கள். இன்னும் ஒரே பந்தியில் அமரும் காலம் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக நாம் செபிப்பது அந்த நாளை எதிர்நோக்கித்தான்.

அன்பு மாணவியரே, பெரிய சபைகள் ஒன்றாவது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை என்று நாம் விட்டுவிடலாமா? வில்லியனூர்த் தேர் நிலைக்கு வர வேண்டுமானால் வடத்தில் எத்தனையோ கைகள் சேர வேண்டும். சிறு கை என்று யாரும் ஒதுங்குவதில்லை. மதிய உணவு வேளையில் நாம் யாரோடு உட்காருகிறோம்? ஊர்த்தெருப் பிள்ளை கொண்டு வந்ததை வாங்கி உண்டு, காலனிப் பிள்ளை கொண்டு வந்ததை வேண்டாம் என்கிறோமா? ஒரு வார்த்தைக்காகப் பல மாதம் பேசாமலிருக்கும் தோழி நமக்கு உண்டா? அவளருகே முழந்தாளிட்டு நற்கருணை வாங்கிவிட்டு, கோயில் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமா? வயல் பலவற்றில் விளைந்த கோதுமை மணிகள் இடிபட்டுக் கலந்து ஒரே அப்பமாகின்றன. இடிபட மனமில்லாத மணி அப்பத்தில் சேராது.

பெற்றோர்களே, பிள்ளைகள் இதைப் பாடநூலைவிட நம் வீட்டுப் பந்தியில்தான் கற்றுக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வேலைக்கு வருகிறவருக்குத் தனிக் குவளை வைத்திருந்தால், அந்தக் குவளையே அவர்களுக்குப் பாடம். நம் வீட்டுத் திருமணத்தில் யாரை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பனங்காட்டுச் சிற்றூரில் பிறந்த அசரியா, தெலுங்கு நாட்டுக் கூலிமக்களோடு ஒரே பந்தியில் அமர்ந்தார். உலகப் பெரியோர் கூடிய சபையிலும் அதே பந்தியைப் பற்றியே பேசினார். அவர் கண்ட கனவு பாதி நிறைவேறியது. மீதி நம் கையில் இருக்கிறது. இனி ஒவ்வொரு ஞாயிறும் திருப்பீடத்தை நெருங்குமுன், நமக்கு விலகியிருக்கும் ஒருவரையேனும் நினைத்து, அவரோடு ஒப்புரவாக முதலடி எடுத்து வைப்போமாக. அப்போதுதான் நாம் உட்கொள்ளும் ஒரே அப்பம் நம்மை உண்மையிலேயே ஒரே உடலாக்கும்.